வெட்டிய தடம் தெரியாத பதிப்பு

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்றதும் நமக்குத் திருவையாறுதான் நினைவுக்கு வரும். தியாகராஜரின் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர், ஆராதனையில் பெண்கள் பாட வழி திறந்தவர் என்று இசை உலகம் அவரைப் போற்றுகிறது. அந்தக் கோயில் பணிக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1910ஆம் ஆண்டில், அவர் பதிப்பாசிரியராக நின்று நடத்திய வேறொரு போராட்டம் உண்டு. அச்சேறுவதற்கு முன்பே சில பகுதிகள் நீக்கப்பட்டு, குறையோடு வெளிவந்திருந்த ஒரு தெலுங்குக் காவியத்தை முழுமையாக வெளியிட்டதே அது. ஆட்சேபத்துக்குரியவை என்று கருதப்படும் பகுதிகளை நூல் வெளிவருமுன் நீக்கிவிடும் வழக்கம் எப்படி நடக்கிறது, யாரால் நடக்கிறது, அதனால் எவையெல்லாம் காணாமற்போகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வரலாறு தென்னிந்தியப் பதிப்புலகில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காவியத்தின் பெயர் ‘ராதிகா சாந்த்வனம்’. ராதையை ஊடல் தணிவித்தல் என்பது அதன் பொருள். எழுதியவர் முத்துப்பழனி. தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அரசவையில் இருந்த கணிகையர் குலப் புலவர். தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி ஆகிய நான்கும் புழங்கிய அந்த அவையில், ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பாடியவரும் இவரே. ‘ராதிகா சாந்த்வனம்’ நான்கு பகுதிகளும் 584 பாடல்களும் கொண்டது. தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள் ராதை. மணமகளுக்கும் மணமகனுக்கும் அவளே அறிவுரை சொல்லி அனுப்புகிறாள். பிறகு அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் வேகிறாள், சினக்கிறாள். கடைசியில் கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். சிருங்காரக் காவியங்கள் மலிந்திருந்த காலத்தில் இது தனித்து நிற்பதற்குக் காரணம், இதில் ஆசைப்படுகிறவளும் அந்த ஆசையைச் சொல்கிறவளும் பெண் என்பதுதான். அதுவும் இளம்பெண் அல்லள். வயது முதிர்ந்தவள், உறவில் மூத்தவள், தன் விருப்பத்தைக் கூச்சமின்றிச் சொல்லத் தெரிந்தவள்.

இந்த நூலை முதன்முதலில் 1887இல் அச்சேற்றியவர் பைடிபாட்டி வெங்கடநரசு. தெலுங்கு அகராதிக்காகவும் சுவடித் தொகுப்புக்காகவும் புகழ்பெற்ற சார்லஸ் பிலிப் பிரௌனுடன் பணியாற்றிய புலவர் அவர். 1907இல் அந்தப் பதிப்பு மறு அச்சாகவும் வந்தது. தெலுங்கு இலக்கியத்தின் தஞ்சைக் காலத்தைப் பற்றித் திருப்பதி வெங்கட கவுலு என்ற இரட்டைப் புலவர்கள் எழுதியதைப் படித்தபோதுதான் நாகரத்தினம்மாள் முத்துப்பழனியின் பெயரை அறிந்தார். நூலைத் தேடி அச்சுப் பிரதியைப் பெற்றார். பிறகு நண்பர் ஒருவர் வழியாகக் கையெழுத்துப் பிரதி ஒன்றும் அவர் கைக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அச்சில் இருந்தது முழு நூல் அன்று என்பது தெரிந்தது.

எது போயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிருங்காரப் பாடல்கள் சில நீக்கப்பட்டிருந்தன, அது எதிர்பார்க்கக்கூடியதே. அவற்றோடு நூலின் முற்பகுதியும் போயிருந்தது. அந்த முற்பகுதியில் காமம் பற்றிய வரி ஏதும் இல்லை. முத்துப்பழனி தம் பாட்டி தஞ்சநாயகியையும் குடும்பத்தின் பிற பெண்களையும் குறிப்பிட்டு, தாம் எந்தப் பெண்வழியில் வந்த புலவர் என்பதைச் சொல்லும் இடம் அது. தம்மைப் போன்ற பெண்களில் வேறு யார் புலவர்களுக்குப் பரிசளித்துப் போற்றியிருக்கிறாள், வேறெந்தப் பெண்ணுக்கு இத்தனை நூல்கள் காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் தலைநிமிர்ந்து கேட்கும் இடமும் அதுவே. காவியம் இயற்றும் ஆண் புலவர்கள் நூலின் தொடக்கத்தில் தம் குலமுறை கிளத்துவது காலங்காலமாக வரும் மரபு. அதையே ஒரு கணிகை செய்தபோது அது பதிப்புக்கு வேண்டாத பகுதியாகிவிட்டது.

கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவர் ஆபாசத்தை நீக்கப் போகிறேன் என்றுதான் தொடங்குகிறார். ஆபாசம் எது என்ற வரையறை அவர் மனத்துக்குள் மட்டுமே இருப்பதால், அவருக்கு உறுத்துகிற வேறு பலவும் அதே வெட்டில் போய்விடுகின்றன. நீக்கியதை அச்சில் குறிப்பிடாதபோது, எது ஒழுக்கத்துக்காகப் போனது, எது வெறுப்பால் போனது என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பும் வாசகருக்கு இல்லாமற்போகிறது. 1887க்கும் 1910க்கும் இடையில் அந்த நூலைப் படித்தவர்கள் முத்துப்பழனியைப் படித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள். தடை செய்யப்பட்ட புத்தகம் தடை என்ற பெயரோடாவது ஊரில் பேசப்படும், தேடுகிறவர்கள் தேடுவார்கள். ஓசையில்லாமல் குறைக்கப்பட்ட புத்தகத்தைத் தேடுவதற்கான காரணமே யாருக்கும் தோன்றாது. ஆகவே தடையைவிட இந்த ஓசையற்ற நீக்கமே கொடியது என்று நான் கருதுகிறேன்.

நாகரத்தினம்மாள் தம் பதிப்பைச் சென்னையின் புகழ்பெற்ற வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் நிறுவனம் வழியாக 1910இல் வெளியிட்டார். எத்தனை முறை படித்தாலும் மீண்டும் படிக்கத் தோன்றும் நூல் இது என்றும், சுவை ததும்பும் இக்காவியத்தை ஒரு பெண், அதுவும் தம் குலத்திலேயே பிறந்தவர், இயற்றியிருப்பதால் அதைச் சரியான வடிவில் வெளியிட வேண்டும் என்று தோன்றியதாகவும் முன்னுரையில் எழுதினார். அவருக்கு முன்னே நின்ற எதிர்ப்பு எளிய ஆளிடமிருந்து வந்ததன்று. கைம்பெண் மறுமணத்தை ராஜமகேந்திரத்தில் நடத்திக் காட்டிய சீர்திருத்தவாதியும் நவீனத் தெலுங்கு உரைநடையின் முன்னோடியுமான கந்துகூரி வீரேசலிங்கம், தம் தெலுங்குக் கவிஞர் வரலாற்றில் முத்துப்பழனியைக் கடுமையாகச் சாடியிருந்தார். அவருடைய புலமையையும் நடையின் இனிமையையும் ஒப்புக்கொண்டபோதிலும், பெண் வாயிலிருந்து வருவது இருக்கட்டும், பெண் காதாலும் கேட்கத் தகாத பகுதிகள் அந்நூலில் இருப்பதாக எழுதினார். நாகரத்தினம்மாள் அதற்கு நேருக்கு நேர் பதில் சொன்னார். நாணமும் கூச்சமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று கேட்டார். விப்ரநாராயணர் கதையைப் பாடும் ‘வைஜயந்தி விலாசம்’, வீரேசலிங்கமே சரிபார்த்து ஏற்றுக்கொண்டதும் மாணவர்களுக்குப் பாடமாக இருந்ததுமான நூல். அதில் இருப்பதைவிட இதில் என்ன மோசம் என்றும் கேட்டார். நம் தொண்டரடிப்பொடியாழ்வாரைத் தேவதேவி மயக்கிய கதைதான் அது. ஆண் எழுதியபோது பாடநூல், பெண் எழுதியபோது ஆபாசம் என்ற அந்த முரணுக்கு யாரும் விடை சொல்லவில்லை.

அடுத்து நடந்தது அரசின் வேலை. ‘சசிலேகா’ என்ற இதழ், ஒரு வேசி எழுதியதை இன்னொரு வேசி பதிப்பித்திருக்கிறாள் என்ற பொருள்பட எழுதியது. அரசாங்கத்தின் தெலுங்கு மொழிபெயர்ப்பாளரான கோடேடி கனகராஜு பந்துலு, ஆட்சேபத்துக்குரியவை என்று தாம் கருதிய பாடல்களை மட்டும் பொறுக்கி ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். 1911இல் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது; பதிப்பகத்தின் மீது வழக்கும் வந்தது. இந்த நடவடிக்கையை அனுமதித்தால் பழைய இலக்கியம் முழுவதையும் தடை செய்ய வேண்டியிருக்கும் என்று புலவர்கள் விண்ணப்பித்தும் பயனில்லை. 1927இல் மீண்டும் காவல்துறை பதிப்பகத்தைச் சோதனையிட்டது. விடுதலையை ஒட்டிய காலத்தில், சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் இந்நூலின் மீதும் வேறு சில நூல்களின் மீதும் இருந்த தடை நீங்கியது. தெலுங்கு இலக்கிய மாலையில் உதிர்ந்த சில முத்துகளை மீண்டும் கோத்திருப்பதாக அவர் மகிழ்ந்தாராம். 1952இல் வாவிள்ள நிறுவனம் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது.

மொழிபெயர்ப்பாளர் பாடல்களைப் பொறுக்கி அனுப்பினார் என்ற செய்தியில் நாம் சற்று நிற்க வேண்டும். 584 பாடல்களில் சிலவற்றைத் தனியே பெயர்த்தெடுத்து, அவற்றை மட்டும் படிக்கும் அதிகாரியிடம் ஒரு காவியத்தைப் பற்றிய தீர்ப்பை எதிர்பார்ப்பது எப்படி முறையாகத் தோன்றியது? அதற்கு விடை அக்காலச் சட்டத்தில் இருக்கிறது. 1868இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹிக்ளின் வழக்கில், தீய தாக்கத்துக்கு ஆட்படக்கூடிய மனங்களைக் கெடுத்துச் சீரழிக்கும் போக்கு ஓர் எழுத்துக்கு உண்டா, அவ்வெழுத்து அத்தகையோர் கைகளில் சேரக்கூடுமா என்பதே ஆபாசத்தின் அளவுகோல் என்று தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்தார். இந்த அளவுகோலைக் கையாண்ட நீதிமன்றங்கள் நூலை முழுமையாகப் பார்க்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டன. ஒரு பத்தி தவறினால் நூல் தவறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவை வைத்துக்கொண்டு இந்திய நீதிமன்றங்களும் அதே வழியில் நடந்தன. பத்தி பத்தியாகக் குற்றம் காணும் சட்டம் இருக்கும் இடத்தில், பத்தி பத்தியாக வெட்டும் பதிப்பாளர் உருவாவது இயல்பு. சிறைக்குப் போகவும் அச்சகத்தை இழக்கவும் விரும்பாதவர், காவல்துறை பார்ப்பதற்கு முன் தாமே பார்த்துவிடுகிறார். 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அச்சகங்களிடம் பிணைத்தொகை கேட்கவும் அதைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தபோது அந்த அச்சம் இன்னும் கூடியது.

அதே 292ஆம் பிரிவு கோயில்களில் செதுக்கிய, வரைந்த உருவங்களுக்கும் தேர்ச் சிற்பங்களுக்கும் விலக்கு அளித்திருந்தது. தேரில் செதுக்கியிருப்பதைத் தெருவில் நிற்கும் யாரும் பார்க்கலாம். அதையே பாட்டில் எழுதிப் புத்தகமாக்கினால் குற்றம். ஆளுக்கேற்ப ஆபாசம் மாறும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. ரிக் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ரால்ஃப் கிரிஃபித், கூச்சமூட்டும் சில பகுதிகளை மட்டும் இலத்தீனில் பெயர்த்துப் பின்னிணைப்பில் வைத்தார். இலத்தீன் கற்ற கனவான்களுக்கு அந்தப் பாடல்கள் தீங்கு செய்யா. கற்காத பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் செய்யும் என்பது அதன் உட்பொருள். கிரிஃபித்தின் அந்த மனநிலையில் எனக்கு உடன்பாடு இல்லையென்றாலும், ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

இந்த வகை வெட்டுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் தாமஸ் பௌட்லர் என்ற ஆங்கில மருத்துவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் குடும்பத்தார் நடுவே உரக்கப் படிக்க ஏதுவாகத் திருத்திய ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ அவர் பெயரில் வந்தது. 1807இல் இருபது நாடகங்களோடு பெயரில்லாமல் வந்த முதல் பதிப்பை உண்மையில் செய்தவர் அவருடைய தமக்கை ஹென்ரியெட்டா மரியா. ஆபாசமான வரிகள் எவை என்று அடையாளம் காணும் அளவுக்கு அவை தமக்குப் புரிந்தன என்று மணமாகாத ஒரு பெண் அன்று வெளியில் ஒப்புக்கொள்ள முடியாது. எனவே அவர் பெயர் மறைந்தது. 1818இல் 36 நாடகங்களும் பத்துத் தொகுதிகளாகத் தம்பியின் பெயரில் வந்தன. மூலத்தில் எதையும் சேர்க்கவில்லை, குடும்பத்தில் உரக்கப் படிக்கத் தகாத சொற்களை மட்டும் விட்டிருக்கிறோம் என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார்கள். ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பகுதியில் டால் டியர்ஷீட் என்ற விலைமகள் பாத்திரமே காணாமற்போனாள். ‘ஒதெல்லோ’வை மட்டும் பௌட்லரால் தூய்மைப்படுத்த முடியவில்லை. சந்தேகமும் அதைத் தூண்டும் கொச்சைப் பேச்சும் நாடகத்தின் உயிரோடு கலந்திருந்ததால், குடும்ப வாசிப்புக்கு உகக்காவிட்டால் அதைக் கூடத்திலிருந்து தனியறை அலமாரிக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நூற்றாண்டுகளாகப் பௌட்லரை உலகம் எள்ளி நகையாடுகிறது. எனக்கோ வெங்கடநரசுவைவிடப் பௌட்லர் நேர்மையானவராகத் தெரிகிறார். தாம் தருவது குறைக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் என்று தலைப்பிலேயே சொன்னார். முழு ஷேக்ஸ்பியர் அடுத்த கடையிலேயே கிடைத்தது. வேண்டியவர் வேண்டியதை வாங்கலாம். முத்துப்பழனியின் வாசகருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. சுவடியிலிருந்து முதன்முதலாக அச்சுக்கு வரும் நூலில் பதிப்பாசிரியர் எதை விடுகிறாரோ அது உலகத்திலிருந்தே விடுபட்டுப் போகலாம். அச்சு வந்தபின் ஏடு கேட்பாரற்றுப் போகும். படி எடுப்பவர் இல்லாமல் ஏடு அழிந்தால் அந்த வரிகளும் அழியும். எனவே முதல் பதிப்பில் செய்யும் நீக்கத்தின் பொறுப்பு மற்றெல்லா நீக்கங்களையும்விடக் கனமானது.

சொல்லாமல் வெட்டுவது பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. நூல்களை எரிக்கும் சமுதாயம் ஒன்றைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலுக்கே இது நேர்ந்தது. பள்ளி மாணவர்களுக்கான பதிப்பு ஒன்றை 1967இல் கொண்டுவந்த பாலன்டைன் பதிப்பகம், வசைச்சொற்களையும் வேறு சில இடங்களையும் சேர்த்து ஏறத்தாழ 75 இடங்களில் கைவைத்தது. ஆசிரியரிடம் கேட்கவில்லை, புத்தகத்தில் குறிப்பும் இல்லை. சில ஆண்டுகளில் பொது வாசகருக்கான பதிப்பாகவும் அதுவே புழங்கத் தொடங்கியது. மாணவர்கள் எழுதித் தெரிவித்த பிறகே பிராட்பரி அறிந்து சண்டையிட்டு, 1979இல் மூலத்தை மீட்டார். 2023 பிப்ரவரியில், ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பஃபின் பதிப்பகம் நூற்றுக்கணக்கான சொல் மாற்றங்கள் செய்திருப்பதை ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் பதிப்புகளை ஒப்பிட்டு வெளிக்கொண்டுவந்தது. இங்கே காரணம் காமம் அன்று. உடல் பருமன், தோற்றம், பாலினம் பற்றிய சொற்கள் இன்றைய குழந்தைகளைப் புண்படுத்தக்கூடும் என்ற நல்லெண்ணம். காப்புரிமைப் பக்கத்தில் சிறிய குறிப்பு ஒன்று இருந்தது. எவை மாறின என்பது அதில் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் பழைய வடிவத்தையும் விற்பனையில் வைத்திருப்பதாகப் பதிப்பகம் அறிவித்தது. பொதுவெளியில் கேள்வி எழுந்த சில நாள்களிலேயே தீர்வும் வந்தது என்பதைக் கவனிக்கலாம். கேள்வி எழுவதற்கு யாராவது பழைய பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

வெட்டினால் நூலுக்கு என்ன ஆகும் என்பதை டி. எச். லாரன்ஸ் நன்றாகச் சொல்லியிருக்கிறார். 1928இல் ஃபிளாரன்ஸ் நகரில் தனிச்சுற்றாக அச்சிட்ட ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலைச் சந்தைக்கு ஏற்றபடி குறைத்துத் தரும்படி பதிப்பாளர்கள் கேட்டார்கள். அவரும் முயன்று பார்த்தார். கத்தரியால் தன் மூக்கைச் செதுக்குவதுபோல் இருந்தது, புத்தகம் இரத்தம் சிந்துகிறது என்று எழுதிவிட்டுக் கைவிட்டார். அவர் இறந்தபின் 1932இல் குறைக்கப்பட்ட பதிப்பு வந்தது. முழு நாவல் பிரிட்டனில் வெளிப்படையாக விற்பனைக்கு வர 1960ஆம் ஆண்டின் வழக்கில் பென்குவின் வெல்ல வேண்டியிருந்தது. இந்தியாவிலோ அதே நாவலை விற்றதற்காக நடந்த ரஞ்சித் உதேஷி வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் ஹிக்ளின் அளவுகோலை ஏற்றுத் தண்டனையை உறுதி செய்தது. இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றின் பொருட்டுப் பொதுநன்மைக்காக வெளியிடப்படுபவற்றுக்கு 1969ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. ஹிக்ளினைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் அளவுகோலால், படைப்பை முழுமையாகக் கொண்டு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில்தான்.

விடுதலை பெற்ற இந்தியாவில் திரைப்படத்துக்கு இருப்பதுபோலப் புத்தகத்துக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே, சென்னை அரசுக்கு எதிராக ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கிலும் தில்லி தொடர்பான பிரிஜ் பூஷண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதழ்களின் மீதான தடையையும் முன் தணிக்கையையும் செல்லாதவை என்றது. வெளிவந்தபின் ஒரு நூலைப் பறிமுதல் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் காரணங்களை ஆணையில் எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். சட்டப் புத்தகத்தில் இப்படி இருக்க, வெட்டு வேலை சட்டத்துக்கு வெளியே நகர்ந்துவிட்டது. பதிப்பகத்தின் வழக்கறிஞர் கைப்பிரதியைப் படித்துச் சில வரிகளில் பென்சிலால் கோடிடுகிறார். பதிப்பாளர் எழுத்தாளரிடம் தொலைபேசியில், இந்த ஊர்ப்பெயர் வேண்டாமே, இந்தச் சாதிப்பெயரை எடுத்துவிடலாமே என்கிறார். எழுத்தாளரே தட்டச்சு செய்யும்போது ஒரு வாக்கியத்தில் நின்று, எதற்கு வம்பு என்று அழித்துவிடுகிறார். இவை எதற்கும் ஆணை இல்லை, காரணம் எழுதப்படவில்லை, மேல்முறையீடும் இல்லை. சிறிய மூலதனத்தில் இயங்கும் தமிழ்ப் பதிப்பகங்கள் ஒரு வழக்கைத் தாங்குவதே கடினம் என்பதை அறிந்தவர்கள் அவர்களைக் கோழைகள் என்று திட்ட மாட்டார்கள். இருந்தாலும் இழப்பு இழப்புதான்.

இந்தச் சட்டத்துக்கு வெளியேயான முறை ஒரே ஒருமுறை தன் முகத்தை வெளிச்சத்தில் காட்டியது. 2010இல் காலச்சுவடு வெளியிட்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் மூண்டது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த சமாதானப் பேச்சில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்பது, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது ஆகியவற்றுக்கு எழுத்தாளர் இணங்கும்படி ஆனது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்ததைத் தமிழுலகம் மறந்திருக்காது. 2016 ஜூலை 5இல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அளித்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளர் தமக்கு நன்றாக வரும் பணிக்கு உயிர்பெற்றுத் திரும்பட்டும், எழுதட்டும் என்று முடித்தது. தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கியதால்தான் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் எடுத்துப் பார்க்க முடிந்தது. தொலைபேசியில் முடிந்த ஒப்பந்தங்களை யாரால் பார்க்க முடியும்?

பாடநூல்களில் இது வேறொரு வடிவம் எடுக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் நீக்கியவற்றின் பட்டியலை 2022இல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் புதிய அச்சுகள் வந்தபோது, காந்தியின் கொலையைத் தொடர்ந்து நடந்தவை பற்றியவை உட்பட, அந்தப் பட்டியலில் இல்லாத நீக்கங்களும் இருப்பது தெரியவந்தது. அது கவனக்குறைவாக இருக்கலாம் என்று நிறுவனத்தின் இயக்குநர் விளக்கினார். முதன்மை ஆலோசகர்களாக இருந்த சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் தங்கள் பெயர்களை அந்நூல்களிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார்கள். பட்டியலில் உள்ள நீக்கத்தோடு வாதிடலாம். பட்டியலில் இல்லாததை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதனால் அச்சேறும் முன் எதையுமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தன் படைப்பைத் தானே திருத்தும் உரிமை எழுத்தாளருக்கு முழுமையாக உண்டு. உயிரோடிருக்கும் தனிமனிதர் ஒருவரின் அந்தரங்கத்தை அவிழ்க்கும் வரியையும் ஆதாரமற்ற அவதூறையும் நீக்கச் சொல்வது நல்ல பதிப்பாசிரியரின் கடமை. யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாள்குறிப்பை 1947இல் வெளியிட்ட அவளுடைய தந்தை ஓட்டோ ஃபிராங்க், தாயைப் பற்றிய கசப்பான வரிகள் சிலவற்றையும் மகள் தன் உடலைப் பற்றி எழுதிய சில பகுதிகளையும் விட்டுவிட்டார். மனைவியையும் இரு மகள்களையும் முகாம்களில் பறிகொடுத்த ஒருவர் எடுத்த முடிவு அது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அவர் மூலத்தை அழிக்கவில்லை. அவர் மறைவுக்குப் பின் நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனம் 1986இல் கொண்டுவந்த ஆய்வுப் பதிப்பு, அவள் முதலில் எழுதியதையும், பின்னர் அவளே திருத்தி எழுதியதையும், தந்தை வெளியிட்டதையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட்டது. மூன்றையும் வைத்துக்கொண்டு வாசகர் தாமே முடிவு செய்யலாம்.

தமிழ்ப் பதிப்பு மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்பதை எண்ணிட்டே காட்டினார். ஏடு சிதைந்து சொல் அழிந்த இடங்களில் புள்ளியிட்டார். வெவ்வேறு ஏடுகளில் கண்ட பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். இல்லாததை இருப்பதுபோலக் காட்டும் ஒட்டுவேலையை அவர் செய்யவில்லை. கறையான் அரித்த இடத்தையே அவ்வளவு நாணயமாகக் காட்டிய மரபு நம்முடையது. வேண்டுமென்றே எடுத்த இடத்தை மறைப்பதற்கு அந்த மரபில் எந்த முன்மாதிரியும் இல்லை.

பழைய நாவல்களையும் தன்வரலாறுகளையும் நாட்டார் பாடல் தொகுப்புகளையும் தமிழ்ப் பதிப்பகங்கள் இன்று ஏராளமாக மறு அச்சு செய்கின்றன. சாதிப்பெயர்களும் வசைகளும் உடல் பற்றிய கொச்சைகளும் அவற்றில் நிறைய இருக்கின்றன. இன்றைய வாசகரை அவை புண்படுத்தும் என்று பதிப்பாளர் கருதினால், எடுப்பது அவர் விருப்பம். அப்போது எந்த ஆண்டுப் பதிப்பை மூலமாகக் கொண்டார், எந்தப் பக்கங்களில் எத்தனை வரிகளை எடுத்தார், யார் எடுத்தார்கள், எடுக்காத பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்பவற்றை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதிவிட வேண்டும். உள்ளே அந்தந்த இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்துவிட வேண்டும். சுவடியிலிருந்தோ ஒலிப்பதிவிலிருந்தோ முதன்முதலாக அச்சுக்கு வருபவற்றில் மட்டும் இந்தச் சலுகையும் கூடாது; அவற்றை முழுமையாகவே அச்சிட வேண்டும், அச்சிடத் துணிவில்லாவிட்டால் துணிந்தவர் கைக்கு ஏட்டைக் கொடுத்துவிட வேண்டும்.